பெயரளவுத் தகைவும் தகைவுச் செறிவும்: ஒரு கலைச்சொல் விளக்கம்

கட்டுமானப் பொறியியலில் வழங்கும் இரு கலைச்சொற்களைத் தமிழ்த்துறையைச் சார்ந்தவர் விளக்கப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. கலைச்சொல் என்பது அகராதித் தொகுப்பாளரோடு முடிந்துவிடும் செய்தியன்று என்பது அப்போதே தெளிவாயிற்று. ஒரு சொல்லைக் கொண்டு மாணவர் தேர்வெழுதுகிறார். பின்னர் அதே சொல்லைக் கொண்டு தூணையும் உத்திரத்தையும் கணக்கிடுகிறார். சொல் தவறான எண்ணத்தைத் தருமாயின் அந்தத் தவறு ஏட்டோடு நில்லாது.

முதலில் 'தகைவு' என்னும் சொல்லைக் காண்போம். நாளிதழ்கள் பலவும் இதற்கு 'அழுத்தம்' என்றே எழுதுகின்றன. அது பொருந்தாது. அழுத்தம் புறத்தேயிருந்து வருவது. மேலும், இழுக்கப்படும் கம்பியில் அழுத்தம் ஏது? 'தகைதல்' என்பதற்குத் தடுத்தல், அடக்குதல், கட்டுதல் என்னும் பொருள்கள் தமிழில் பண்டு தொட்டே உண்டு. ஒரு கம்பியின் நுனியில் எடையைத் தொங்கவிட்டால், கம்பி தன்னுள்ளே ஒவ்வொரு குறுக்கு வெட்டிலும் அவ்விழுப்பைத் தகைத்து நிற்கிறது. அந்த உள்ளெதிர்ப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பிற்கு எவ்வளவு என்பதே தகைவு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைத் 'தகைப்பு' என்கின்றன, வேர் ஒன்றே. இந்தச் சொல்லை ஆக்கியவர் யாராயினும் பொருளறிந்து ஆக்கியிருக்கிறார் என்று மகிழலாம். இடர்ப்பாடு அதற்கு முன்னே ஒட்டப்படும் 'பெயரளவு' என்னும் அடையில் தொடங்குகிறது.

அச்சு முறிந்த கதைகள் இரண்டு

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர், மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் கருத்தை அமைத்துள்ளார். பொறியாளர் பார்வையில் இது நேரான கணக்கு. அச்சு தாங்கும் திறன் ஒன்று, அதன்மீது ஏறிய மொத்தப் பாரம் மற்றொன்று. பின்னது முன்னதை மிஞ்சியது, அச்சு இற்றது. பாரத்தை அச்சின் வெட்டுப் பரப்போடும் வடிவத்தோடும் சேர்த்துக் கணித்துப் பெறும் தகைவையே பெயரளவுத் தகைவு என்கிறோம்.

இனி மற்றொரு அச்சு. 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியில் இழுபொறியின் அச்சொன்று முறிந்தது. வண்டி கவிழ்ந்து தீப்பற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வச்சின்மீது எவரும் அளவு கடந்து பீலி ஏற்றவில்லை. நாள்தோறும் சுமந்த பாரத்தைத்தான் அன்றும் அது சுமந்தது. ஓடி ஓடி இரும்பு தன் இயல்பு திரிந்து படிகமாகிவிடுகிறது என்று அக்காலத்தார் பலர் நம்பினர். 1843இல் இரேங்கின் என்னும் இளம் பொறியாளர், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து வேறு காரணம் கூறினார். தடித்த அச்சு மெலிந்த கழுத்தாக மாறும் இடத்தில் கூரிய உள்மூலை ஒன்று இருக்கிறது. வெடிப்பு அந்த மூலையில் தோன்றி, சுற்றிலுமிருந்து உள்நோக்கிச் சிறிது சிறிதாக அரித்துச் செல்கிறது. எனவே அம்மூலையை வளைவாக அமைக்க வேண்டும் என்றார். பாரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, அச்சைத் தடிப்பாக்கச் சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. மூலையை வளைக்கச் சொன்னார், அவ்வளவே.

வள்ளுவர் அச்சு முறிந்தது மொத்தக் கணக்கால். வெர்சாய் அச்சு முறிந்தது ஓரிடத்துக் கணக்கால். முன்னதற்குரிய சொல் பெயரளவுத் தகைவு. பின்னதற்குரியது தகைவுச் செறிவு.

துளையிட்ட தகடு

எண்களைக் கொண்டு நோக்கினால் செய்தி இன்னும் தெளிவாகும். 100 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் கனமும் உடைய எஃகுத் தகடொன்றை இரு முனைகளிலும் பற்றி 1,00,000 நியூட்டன் விசையால், அதாவது ஏறத்தாழப் பத்து டன் எடையால், இழுப்பதாகக் கொள்வோம். வெட்டுப் பரப்பு 1,000 சதுர மில்லிமீட்டர். வகுத்தால் சதுர மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன். இத்தகட்டில் இது வெறும் பெயரன்று. முனைகளிலிருந்து சற்று விலகி எங்கே நோக்கினும் தகைவு அதுவே.

இப்போது தகட்டின் நடுவே 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்துளை ஒன்றை இடுவோம். துளை உள்ள இடத்தில் எஞ்சிய பரப்பு 800. வகுத்தால் 125. மாணவர் பலரும் இவ்விடத்தில் கணக்கை முடித்துவிடுவர். ஆனால் துளையின் விளிம்பில், இழுவிசைக்குக் குறுக்காக அமைந்த இரு புள்ளிகளில், உண்மைத் தகைவு 125 அன்று, ஏறத்தாழ 313. அங்கிருந்து தகட்டின் ஓரம் நோக்கி நகர நகர அது விரைந்து குறைந்து சராசரிக்கும் கீழே செல்கிறது. 125 என்பது ஏற்றத்தாழ்வு அனைத்தையும் சமனாக்கிப் பெற்ற சராசரி மட்டுமே.

உச்சத் தகைவைப் பெயரளவுத் தகைவால் வகுத்தால் வருவது தகைவுச் செறிவுக் கெழு. 313ஐ 125ஆல் வகுக்க 2.5. ஆயின் அதே 313ஐத் துளையைக் கருதாத முழுப்பரப்பின் 100ஆல் வகுத்தால் 3.13. எது சரி? இரண்டும் சரி. எந்தப் பரப்பைக் கொண்டு பெயரளவைக் கணித்தோம் என்று சொல்லாதவரை இரண்டும் பயனற்றவை. கையேட்டின் வரைபடத்திலிருந்து 2.5ஐ எடுத்து 100ஆல் பெருக்கிய மாணவர், விடையில் ஐந்திலொரு பங்கை இழந்துவிடுவார். இப்பாடத்தில் மிகுதியும் நேரும் பிழை இதுவே எனலாம்.

துளையருகே இவ்வாறு ஏன் நேர்கிறது? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து அகன்ற கூடத்திலிருந்து அனைவரும் ஒரே திசையில் வெளியேறுவதை எண்ணிப் பாருங்கள். நடுவே ஒரு தூண். தூணுக்கு நேரே வந்தவர்கள் இருமருங்கும் ஒதுங்க வேண்டும். அவர்கள் கூடத்தின் அகலம் முழுதும் சமமாகப் பரவி ஒதுங்குவதில்லை. தூணை ஒட்டியே திரும்புகிறார்கள். எனவே தூணின் பக்கங்களில் நெரிசல், சுவரோரத்தில் தாராளம். மொத்தப் பேரை மொத்த அகலத்தால் வகுத்தவருக்கு இந்நெரிசல் தெரியாது. ஆனால் உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. மனிதர் சற்று நின்று பிறருக்கு வழிவிடலாம். தகட்டினூடே செல்லும் விசைக்கு நிற்பதென்பதே இல்லை.

அகன்ற தகட்டில் வட்டத்துளையின் விளிம்பில் தகைவு மும்மடங்காகும் என்பதை 1898இல் கிர்ஷ் என்னும் செருமானியப் பொறியாளர் கணித நெறியில் நிறுவினார். இம்மூன்று என்னும் எண் துளையின் அளவைச் சார்ந்ததன்று. பெருந்துளைக்கும் மூன்று, ஊசித்துளைக்கும் மூன்று. 'சிறு துளைதானே' என்று சொல்லித் தப்ப இயலாது.

1913இல் கேம்பிரிட்சு பல்கலைக்கழகத்தின் இங்கிலிசு, வட்டத்தை நீள்வட்டமாக்கிப் பார்த்தார். கப்பல் தளத்துத் திறப்புகளின் மூலைகளிலிருந்து வெடிப்புகள் ஓடுவதேன் என்பது அவரைத் தூண்டிய வினா. அவர் கண்ட விதி எளிது: விசைக்குக் குறுக்கான அச்சின் நீளத்தை மற்ற அச்சின் நீளத்தால் வகுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுக. வட்டத்திற்கு மூன்று. குறுக்கே 20 மில்லிமீட்டரும் விசையின் திசையில் 2 மில்லிமீட்டரும் உள்ள பிளவு போன்ற துளைக்கு 21. அதே துளையைத் திருப்பி விசையோடு இணையாக வைத்தால் 1.2. துளை ஒன்றே, வெட்டியெடுத்த உலோகமும் ஒன்றே; கிடப்பு மட்டும் மாறியது, இருபத்தொன்று ஒன்றேகாலினும் குறைந்துவிட்டது!

வான்கலத்தின் மூலை

'பெயரளவு' என்பதை உண்மையளவு என்று கொண்டதன் விலை என்ன என்பதைக் காட்டும் நிகழ்வு காமெட் வானூர்தியின் வரலாறு. உலகில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற தாரைப்பொறி விமானம் அது. 1952 மே 2ஆம் நாள் பணி தொடங்கியது. முன்னைய விமானங்களைவிட மிக உயரத்தில் பறந்தது. அவ்வுயரத்தில் வெளிக்காற்று மெலிந்திருப்பதால் உள்ளே காற்றழுத்தத்தை மிகுத்து வைக்க வேண்டும். எனவே ஒவ்வொரு பறப்பிலும் விமானத்தின் உடல் பலூனைப்போல் ஒருமுறை உப்பி ஒருமுறை தளர்ந்தது.

1954 சனவரி 10ஆம் நாள் ரோமிலிருந்து புறப்பட்ட காமெட் ஒன்று எல்பாத் தீவின் அருகே வானிலேயே சிதறிக் கடலில் வீழ்ந்தது; 35 பேர் உயிரிழந்தனர். பறப்புகள் நிறுத்தப்பட்டு, ஐயத்திற்கிடமான பகுதிகள் பல சீர்செய்யப்பட்டு, மார்ச்சு 23இல் மீண்டும் தொடங்கின. ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொரு காமெட் நேப்பிள்சு நகருக்குத் தெற்கே கடலில் வீழ்ந்தது; 21 பேர் மாண்டனர். முன்னது 1,290 முறையும் பின்னது 900 முறையும் மட்டுமே காற்றழுத்தத்துடன் பறந்தவை.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ வானூர்தி ஆய்வு நிலையத்தில், சர் ஆர்னால்டு ஹாலின் தலைமையில், மற்றொரு காமெட்டின் உடலைப் பெரிய தொட்டியில் நீரில் மூழ்கவைத்தனர். இறக்கைகள் மட்டும் வெளியே நீண்டிருந்தன. உள்ளேயும் நீரை நிரப்பி, அழுத்தத்தை ஏற்றி இறக்கினர். காற்றைக் கொண்டு சோதித்தால் முறியும்போது வெடிகுண்டுபோல் சிதறும். நீர் அவ்வாறு விரியாது, ஆகவே வெடித்த இடத்தை அப்படியே காணலாம். அவ்வுடல் முன்பே 1,221 முறை உண்மையில் பறந்தது. தொட்டியில் மேலும் 1,836 முறை அழுத்தம் ஏற்றி இறக்கப்பட்டது. ஆக 3,057ஆம் முறையளவில் உடல் பிளந்தது. பிளவு தொடங்கியது ஆபத்துக்கால வெளியேற்றச் சாளரத்தின் மூலையில்.

எல்பா அருகே கடலடியிலிருந்து பிரித்தானியக் கடற்படையினர் மீட்ட துண்டுகளிலும் கதை அதுவே. கூரையில் வானொலித் திசைகாட்டிக் கருவிக்கென வெட்டப்பட்ட திறப்பின் மூலையருகே, ஆணித்துளை ஒன்றின் ஓரத்தில் பிளவு தோன்றியிருந்தது. செறிவுக்குள் செறிவு என்று இதனைச் சொல்ல வேண்டும். திறப்பின் மூலை முதலில் தகைவைப் பெருக்குகிறது. அவ்வாறு பெருகிய தகைவு நிலவும் இடத்தில் இடப்பட்ட ஆணித்துளை அதனை மேலும் பெருக்குகிறது. கெழுக்கள் இரண்டும் கூட்டப்படுவதில்லை; ஏறத்தாழப் பெருக்கப்படுகின்றன. 'சதுரச் சன்னல் வைத்ததால் விமானம் வீழ்ந்தது' என்று பொதுநூல்கள் ஒரே வரியில் எழுதிவிடுகின்றன. அச்சாளரங்களின் மூலைகள் வளைவாகவே இருந்தன. வளைவு போதவில்லை என்பதே உண்மை.

அதனை வடிவமைத்தவர்கள் கணக்கிடாதவர்கள் அல்லர். சாளர மூலையை ஒட்டிய பகுதியின் சராசரித் தகைவைக் கணித்தார்கள். அஃது உலோகம் அறுபடும் தகைவில் பாதியினும் குறைவாக இருந்தது. அவ்விடைவெளி போதுமென்று கருதி, மூலையின் உச்சத்தை நுணுகிக் கணிக்காமல் சோதனையை நம்பினர். விபத்துக்குப் பின் அளந்து ஆராய்ந்தபோது, பறக்கும் நிலையில் மூலை விளிம்பின் தகைவு அறுபடும் தகைவில் ஏறத்தாழ 70 விழுக்காடு எனக் கண்டனர். பாதிக்கும் குறைவு என்றது பெயரளவு. எழுபது என்றது உலோகம் அறிந்த அளவு.

அவர்கள் நம்பிய சோதனையும் ஏமாற்றியது. உடற்பகுதி ஒன்றை முதலில் பணியழுத்தத்தைப் போல் இருமடங்கு அழுத்தத்திற்கு உட்படுத்தித் திறனைச் சோதித்தனர். பின்னர் அதே பகுதியை ஏற்றி இறக்கிக் களைப்புச் சோதனை செய்தனர். அது சுமார் 16,000 முறை தாங்கியது. முதலில் தந்த மிகை அழுத்தத்தால் மூலையோர உலோகம் இளகி நீண்டு, அழுத்தம் நீங்கியதும் சுற்றியிருந்த உலோகத்தால் இறுக்கப்பட்டு, இழுவிசையை எதிர்க்கும் நிலையைப் பெற்றுவிட்டது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அவ்வாய்ப்பு வாய்க்கவில்லை. கோகன் பிரபுவின் விசாரணை இவற்றையெல்லாம் ஆராய்ந்து, 1955இல் வெளியான அறிக்கையில் களைப்பே காரணமெனப் பதிவு செய்தது. தடித்த தோலும் மாற்றியமைத்த திறப்புகளும் கொண்ட புதிய காமெட் 1958இல் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் சென்றது.

பின் ஏன் எல்லாம் முறிவதில்லை?

இதுவரை படித்த மாணவர் கேட்கக்கூடிய நியாயமான வினா இது. நம் தகட்டில் விளிம்புத் தகைவு 313. மெல்லெஃகு இளகத் தொடங்குவதோ 250 அளவில். எனினும் துளையிட்டு ஆணி முடுக்கிய எஃகுச் சட்டங்கள் நாடெங்கும் நிற்கின்றன. விடை எஃகின் இளகும் பண்பில் இருக்கிறது. விளிம்பில் உலோகம் 250ஐ எட்டியதும் முறிவதில்லை. சற்றே நீண்டு கொடுத்து, மிகுதிச் சுமையை அண்டையிலுள்ள பகுதிக்குத் தள்ளுகிறது. ஊரில் ஒருவர் தாங்க முடியாததைப் பக்கத்து வீட்டார் பகிர்ந்துகொள்வது போல. இதனால்தான் அசையாச் சுமை தாங்கும் எஃகுக் கட்டடங்களுக்குத் துளை நீக்கிய பரப்பைக் கொண்டு பெயரளவுத் தகைவைக் கணித்தாலே போதும் என்று விதிநூல்கள் இசைகின்றன. இங்கே பெயரளவு பொய்யன்று. நன்கு பயன்படும் அளவுகோல்.

மூன்று நிலைகளில் இந்த அடைக்கலம் கிட்டாது. கண்ணாடி, வார்ப்பிரும்பு போன்ற நொறுங்கும் பொருள்களில் இளகிக் கொடுத்தல் இல்லை. ஏறி இறங்கும் சுமையில், ஒரு முறை தாங்கிய மூலை பத்தாயிரமாவது முறை தாங்குமென்பதற்கு உறுதியில்லை. மூன்றாவது குளிர், சில வகை எஃகு குளிரில் கண்ணாடியைப்போல் நொறுங்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா விரைந்து கட்டிய லிபர்ட்டிக் கப்பல்கள் சிலவற்றில், தளத்துச் சரக்குத் திறப்பின் சதுர மூலைகளில் தொடங்கிய வெடிப்புகள் குளிர்கடலில் நெடுந்தொலைவு ஓடின. ஆணி அறைந்து இணைத்த பழங்கப்பலில் தகட்டின் ஓரம் வந்ததும் வெடிப்பு நின்றுவிடும். பற்றவைத்து ஒன்றாக்கிய கப்பலில் நிற்க இடமில்லை.

கான்கிரீட்டும் செங்கற்சுவரும் இழுவிசையில் நொறுங்கும் இனத்தைச் சேர்ந்தவை. வீட்டுச் சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைக் காணாதவர் இரார். கொத்தனார் அதனை அடைத்து வண்ணம் பூசுவார். அடுத்த கோடையில் அதே இடத்தில் தலைகாட்டும். சுவர் உலர்ந்து சுருங்குவதாலோ, வெப்பத்தாலோ, அடித்தளம் சற்று இறங்குவதாலோ எழும் இழுவிசை, சுவர் முழுதும் சிறிதே ஆயினும், மூலையில் செறிந்து வெடிக்கிறது. தளத்தில் படிக்கட்டுக்கென விடும் திறப்பின் மூலைகளில் சாய்வாகக் கூடுதல் கம்பிகள் இடுவதன் காரணமும் இதுவே. இக்கம்பிகளை வீண்செலவென்று நீக்கச் சொல்லும் வீட்டுக்காரர்கள் உளர். மொத்தக் கணக்கில் அவற்றின் தேவை தெரியாது, எனவேதான் சொல்கிறார்கள்.

பொறியியல் படியாத கைவினைஞர் இதனை நெடுங்காலமாக அறிந்திருக்கின்றனர். துணிக்கடையில் கெட்டியான கரையைக் கத்தரிக்கோலால் சிறிது வெட்டிவிட்டு ஒரே இழுப்பில் கிழிக்கின்றனர். வெட்டாமல் இழுத்தால் இரு கைகளும் தோற்கும். ஜிப்பாவின் பக்கத்திறப்பு முடியும் இடத்தில் தையற்காரர் குறுக்குத் தையலோ சிறு முக்கோணத் துண்டோ வைக்கிறார். ஒருவர் செறிவை வேண்டி உண்டாக்குகிறார்; மற்றவர் அதனைத் தணிக்கிறார்.

சொல்லுக்குத் திரும்புவோம்

'பெயரளவுக்கு ஒரு கூட்டம் நடத்தினார்கள்' என்றால் தமிழில் அது கண்துடைப்பு. இவ்வழக்கை மனத்திற்கொண்ட மாணவர், பெயரளவுத் தகைவு என்பதைப் பொருட்படுத்த வேண்டாத ஒன்றாக எண்ணக்கூடும். ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்தவரோ அதன் பொருளையே எண்ணாமல், கணக்கில் வந்த எண் தகட்டுக்குள் அப்படியே இருப்பதாக நம்பிவிடுகிறார். இரண்டில் பின்னதே பெருங்கேடு. காமெட்டின் மூலையில் நேர்ந்தது அதுதான். 'கணிப்புத் தகைவு' என்னும் சொல் இரு குறையும் இன்றி அமையும் என்பது என் கருத்து. கணித்துப் பெற்றது என்று அது சொல்கிறது. அளந்து கண்டது என்று சொல்லவில்லை. எனினும் பாடநூலில் வேரூன்றிவிட்ட சொல்லை மாற்றுவதைவிட, ஆசிரியர் முதல் வகுப்பிலேயே அதன் பொருளெல்லையை விளக்கிவிடுவது எளிது.

'செறிவு' பற்றியும் ஒரு சொல். வேதியியலில் கரைசலின் செறிவு கலம் முழுதும் ஒன்றே. தகைவுச் செறிவோ ஓரிடத்தில் நெருங்கி, மற்ற இடத்தில் தளர்வது. இரு பாடங்களையும் ஒரே ஆண்டில் பயிலும் மாணவர்க்கு இவ்வேறுபாட்டைச் சொல்லித்தரல் வேண்டும். 'குவிவு' என்பது நல்ல மாற்றாகத் தோன்றினும் ஒளியியலார் அதனை ஆடிகளுக்கும் வில்லைகளுக்கும் முன்பே எடுத்துக்கொண்டனர்.

இச்சொற்களின் வேறுபாட்டை மாணவர் உணர்ந்தாரா என்று அறிய ஒரு வினா போதும். தகட்டில் வெடிப்பொன்று ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டறையில் அதன் நுனியில் துளைக்கருவியால் வட்டத்துளை ஒன்றை இடுகின்றனர். உலோகத்தை மேலும் அகற்றியபின் தகடு வலுப்பெறுமா, வலுவிழக்குமா? பெயரளவுத் தகைவை மட்டும் கணிப்பவர் வலுவிழக்கும் என்பார். எஞ்சிய பரப்பு குறைந்துவிட்டதல்லவா? அவர் கணக்கில் பிழையில்லை. பெயரளவு சற்றே கூடுகிறது. ஆனால் ஊசிமுனை போன்ற வெடிப்பின் நுனி அகன்ற வட்டமாகிவிட்டதால், அங்கே செறிந்திருந்த உச்சத் தகைவு பன்மடங்கு குறைகிறது. வெடிப்பு சில காலமேனும் நிற்கிறது. அத்துளை, கண்ணுக்குத் தெரியும் நுனியில் அன்று, வெடிப்பு உண்மையில் முடியும் இடத்தில் விழவேண்டும். ஆகவே தேர்ந்த பணியாளர் முதலில் சாயத்தைத் தடவி, மெல்லிய கோடு எதுவரை ஓடியிருக்கிறது என்று பார்த்த பின்னரே துளைக்கருவியை எடுக்கிறார்.